கமாண்ட் லைனில் இடைவெளி விழுந்த ஃபைல் பெயர்கள்: கேள்வி பதில்

திருவல்லிக்கேணி அச்சகம்: சார், லினக்ஸில் ‘ஜனவரி பில்’ என்ற ஃபைலைக் கன்வெர்ட்டருக்குக் கொடுத்தால் ‘ஜனவரி’ என்ற ஃபைலே இல்லை என்கிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது.

ஃபைல் இருக்கிறது, பெயர்தான் வழியில் உடைந்துவிட்டது. நீங்கள் அடிக்கும் வரியை முதலில் படிப்பது ஷெல். இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டிவிடும். ‘ஜனவரி’ ஒன்று, ‘பில்’ ஒன்று என்று இரண்டு பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஜனவரி பில்" என்று மேற்கோளுக்குள் கொடுங்கள், ஒன்றாகப் போகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இடைவெளியால் தொல்லையே இல்லை. ஃபைல் பெயரில் அது ஏற்காதவை இரண்டே: சாய்கோடு (/), மதிப்பு பூஜ்யமான பைட்.

விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகவே ப்ரோகிராமுக்குப் போகும். வெட்டிப் பிரிப்பது அந்த ப்ரோகிராமின் பொறுப்பு. அதனால் ஒரே மேற்கோளை இரண்டு ப்ரோகிராம்கள் இரண்டு விதமாகப் படிப்பதும் உண்டு.

அம்பத்தூர்: விண்டோஸில் "டி:\கடை கணக்கு\" என்று மேற்கோளோடுதான் கொடுக்கிறேன். அடுத்த ஆர்க்யுமென்ட்டும் (கட்டளைக்குப் பின் கொடுக்கும் பெயர்) இதோடு ஒட்டிக்கொள்கிறது.

கடைசியில் இருக்கும் பின்சாய்கோடுதான் காரணம். மேற்கோளுக்கு முன் ஒற்றை \ வந்தால் பெரும்பாலான ப்ரோகிராம்கள் அந்த மேற்கோளை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், மூடாது. அந்தப் பின்சாய்கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாகப் போடுங்கள்.

வேளச்சேரி மாணவி: அண்ணா, வேர்ட் ஃபைலில் இருந்த கட்டளையை அப்படியே பாஷ் ஷெல்லில் ஒட்டினேன். மேற்கோள் இருந்தும் உடைகிறது.

அது வளைந்த மேற்கோள், தங்கச்சி. பாஷுக்கு அது மேற்கோளே இல்லை. அழித்துவிட்டு கீபோர்டில் நேர் மேற்கோளாக அடி.

தாம்பரம்: எல்லாரும் அடிக்கோடு போட்டுப் பெயர் வைத்தால் தீர்ந்ததே, எதற்கு இவ்வளவு பாடம்?

உங்கள் ஃபைலுக்கு அப்படியே வையுங்கள். கஸ்டமர் அனுப்பும் ‘கல்யாணப் பத்திரிகை கடைசி’க்கு என்ன செய்வீர்கள்? மனிதர்கள் இடைவெளி விட்டுத்தான் எழுதுவார்கள். 2001 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 2-இன் மேக் இன்ஸ்டாலரில் ஒரு பாதைக்கு மேற்கோள் விட்டுப்போனது. டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்தது. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1-ஐ வெளியிட்டது. பெயர் வைத்தவர் மீது என்ன குற்றம்?

கிண்டி: தாம்பரத்தார் சொல்வதே சரி. எங்கள் ஆபீஸில் இடைவெளிக்குத் தடை.

சரி, உங்கள் சி டிரைவில் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ இருக்கிறதா இல்லையா? அதற்குள் இருக்கும் ஒரு சர்வீஸின் (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்) பாதைக்கு மேற்கோள் போடாவிட்டால், விண்டோஸ் முதலில் சி டிரைவிலேயே ‘ப்ரோகிராம்’ என்ற இஎக்ஸ்இ ஃபைலைத் தேடும். அந்தப் பெயரில் ஒருவன் எதையாவது வைத்துவிட்டால் அதுதான் ஓடும். உங்கள் தடை இதைக் காப்பாற்றாது, மேற்கோள்தான் காப்பாற்றும்.

போரூர்: பைத்தானிலிருந்து வேறொரு ப்ரோகிராமைக் கூப்பிடும்போது?

பைத்தானின் சப்ப்ராசஸ் மாட்யூலுக்கு ஆர்க்யுமென்ட்டுகளை லிஸ்டாகக் கொடுங்கள். ஷெல்லை இடையில் இழுக்காதீர்கள்.

அடையாறு: பெயரில் இடைவெளி இருந்தால் ஃபைல் இல்லை என்கிறதே?

முதல் பதில்.

பெரம்பூர்: பிரின்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது.

அது ஃபான்ட் விவகாரம். டிடிபி ஆட்களைக் கேளுங்கள்.

மயிலாப்பூர்: பழைய ஃபைல்களை அழிக்க பாஷ் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். எதில் கவனம் வேண்டும்?

மாறியை (வேரியபிள்) எழுதும் இடத்தில் அதைச் சுற்றி எப்போதும் மேற்கோள். வந்த ஆர்க்யுமென்ட்டுகளை அப்படியே கடத்த "$@", வெறும் $* கூடாது. அழிக்கும் கட்டளையை ஓட்டும் முன், ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் பிரின்ட்எஃப் கட்டளை மூலம் சதுர அடைப்புக்குள் தனித்தனி வரியில் அச்சிட்டுப் பாருங்கள். எக்கோ கட்டளை போதாது, வெட்டுப்பட்ட துண்டுகளை இடைவெளி விட்டுச் சேர்த்து ஒரே பெயர் போலக் காட்டிவிடும். [ஜனவரி] ஒரு வரியிலும் [பில்] அடுத்த வரியிலும் வந்தால் என்டரைத் தொடாதீர்கள்.