ஈயப் பெட்டியில் இருக்கும் நோட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேரி க்யூரியின் ஆய்வு நோட்டுகள் கதிரியக்கம் ஏறியிருப்பதால் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் ஈயம் பூண்ட பெட்டிகளில் இருக்கின்றன, பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் பார்க்க விடுவார்கள் என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு அசலை அணுக்கழிவோடு புதைத்துவிட வேண்டியதுதானே சார்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்னொன்று: எங்கள் ஆய்வக அலமாரியில் முள்ளில் ரேடியம் பூசிய பழைய மீட்டர் ஒன்றும், யுரேனியம் உப்பு உள்ள குப்பி ஒன்றும் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

எஸ்., இயற்பியல் ஆசிரியர்

அன்புள்ள எஸ்.,

புதைக்கக் கூடாது என்பதே என் பதில். படம் கட்டாயம் எடுக்க வேண்டும், அசலும் இருக்க வேண்டும்.

முதல் நோட்டு 1897 டிசம்பரில் தொடங்குகிறது. 8 செ.மீ. விட்டமுள்ள இரண்டு உலோகத் தட்டுகள், நடுவே 3 செ.மீ. இடைவெளி, 100 வோல்ட் மின்னழுத்தம். ஒரு தட்டில் ஆராய வேண்டிய பொருளைப் பொடியாக்கிப் பரப்பினால், அதன் கதிர்கள் இடையிலுள்ள காற்றை அயனியாக்கும், மெல்லிய மின்னோட்டம் பாயும். அது ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பத்துப் பங்குதான். அதை நேரடியாகப் படிக்க முடியாது. குவார்ட்ஸ் படிகத்தை இழுத்தால் மின்னூட்டம் பிறக்கும் என்று மேரியின் கணவர் பியர் க்யூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்திருந்தார்கள். அந்தப் படிகத்தில் எடையைத் தொங்கவிட்டு, அதில் பிறக்கும் மின்னூட்டத்தால் தட்டில் சேரும் மின்னூட்டத்தைச் சரிக்கட்டி, மின்மானியின் ஒளிப்புள்ளியை அசையாமல் நிறுத்த வேண்டும். எவ்வளவு எடை, எத்தனை விநாடி என்பதிலிருந்து மின்னோட்டம் கிடைக்கும். லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆம்பியரை அலகாக வைத்தால் யுரேனிய உலோகத்துக்கு 24 வந்தது. ஜெர்மனியின் யோஹான்கியோர்கன்ஸ்டாட் ஊரில் கிடைத்த பிட்ச்பிளெண்டு தாதுவுக்கு 83. யுரேனியம் கலந்த தாது யுரேனியத்தையே மிஞ்சியது. தெரியாத தனிமம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்ற ஊகம் பிறந்தது இந்த இடத்தில்தான்.

அச்சான கட்டுரையில் முடிவு எண்கள் கிடைக்கும். அந்த எண்கள் எப்படிப்பட்ட அறையில் எடுக்கப்பட்டன என்பது நோட்டில்தான் இருக்கிறது. 1898 பிப்ரவரி 6 அன்று அறையின் வெப்பநிலை 6.25 டிகிரி என்று எழுதி, பக்கத்தில் வரிசையாக ஆச்சரியக்குறிகளைப் போட்டிருக்கிறார் மேரி. ஈரம் படிந்தால் மின்காப்பின் மேற்பரப்பு வழியாக மின்னூட்டம் கசியும், அளவு பிசகும். இவ்வளவு நுண்ணிய மின்னோட்டத்தை அளப்பவருக்கு அறையின் நிலையும் தரவுதான். இதுவரை சொன்னதெல்லாம் படத்திலும் வந்துவிடும், உண்மை.

படத்தில் வராதது, அந்த ஊகத்தைத் தொடர்ந்து கண்டுபிடித்த ரேடியம் தாளில் ஏறியிருப்பது. பின்னாளில் மேரியின் மருமகன் பிரெடெரிக் ஜோலியோ அந்தப் பக்கங்களைப் புகைப்படத் தகட்டோடு வைத்துப் பார்த்தபோது விரல் பதிவுகள் தெரிந்தன. எந்தப் பக்கம், எந்த ஓரம், எவ்வளவு என்று இன்றைய கருவிகளால் இன்னும் நுட்பமாக வரைபடமே எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு: ஒரு பக்கத்தில் கறை இருப்பதாலேயே அந்தத் தேதியில் பட்டது என்று சொல்லிவிட முடியாது. பிறகு புரட்டியபோது பட்டிருக்கலாம், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒட்டியிருக்கலாம். இதைப் பிரித்தறிய அசல் தாள் வேண்டும்.

கழுவி எடுக்கலாமே என்று கேட்பார்கள். ரேடியம் தாளின் நாருக்குள் போயிருக்கிறது, அதை எடுக்கப்போனால் மையும் போகும். காத்திருந்தும் பயனில்லை. ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்டுபிடித்த 1898இலிருந்து இன்றுவரை சுமார் 5 சதவீதம்தான் சிதைந்திருக்கும்.

பயப்பட வேண்டியது எதற்கு என்று தெரிந்தால் கையாள்வது கடினமில்லை. ஆல்ஃபா துகளை ஒரு தாளே நிறுத்திவிடும். ஈயம் காமா கதிரைக் குறைப்பதற்கு. உண்மையான ஆபத்து இரண்டு: உடம்புக்குள் போகும் தூசி (ரேடியம் கால்சியம்போல எலும்பில் போய்த் தங்கும்), ரேடியம் சிதைந்து பிறந்து மூடிய பெட்டிக்குள் சேரும் ரேடான் வாயு. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால், ஒரு மாதம் மூடிக் கிடந்தாலே உள்ளே அது உச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே இப்படிப்பட்ட பெட்டியைக் காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் திறக்க வேண்டும். மேசையில் ஒருபுறம் பிளாஸ்டிக் உள்ள உறிஞ்சுதாள், அதற்குமேல் தட்டு, தட்டில் நோட்டு. கையுறை வேண்டும், எச்சில் தொட்டுப் புரட்டவே கூடாது. மேலிருந்து கேமராவால் எடுக்க வேண்டும். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தால் கண்ணாடியில் ஒட்டும், அடுத்து வைக்கும் நூலுக்கும் பரவும். வேலை முடிந்ததும் வடிதாளால் மேசையைத் துடைத்து, அந்தத் தாளை கதிர்களை எண்ணும் கெய்கர் கருவியில், மெல்லிய மைக்கா சன்னல் உள்ளதில், காட்டுங்கள். தடித்த குழாய் உள்ள கருவிக்கு ஆல்ஃபா தெரியவே தெரியாது.

புதைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ இருக்கிறது. 1942 டிசம்பர் 2 அன்று தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினையை அங்கே நடத்திய அணு உலை, கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்குகளாக அடுக்கிக் கட்டியது. 1943இல் பிரித்து ஊருக்கு வெளியே வேறு வடிவில் கட்டினார்கள், 1954இல் அதையும் மூடினார்கள், பிறகு மண்ணில் புதைத்தார்கள். முழுதாகக் கட்டிமுடித்த முதல் உலைக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இன்று அதை ஆராய்பவருக்கு வரைபடங்களும் பதிவுகளும் மிஞ்சிய சில கிராஃபைட் கட்டிகளும்தான் துணை. அந்தக் கட்டிகளை எடுத்து வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி உங்கள் அலமாரி. மீட்டர் முள் இருட்டில் ஒளிராததால் அது செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடுதான் ஆல்ஃபா அடியில் கெட்டுப்போயிருக்கும், ரேடியம் ஏறக்குறைய முழுதாக அப்படியே இருக்கும். கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். பழைய பூச்சு பொடிந்து உதிரும். கெட்டியான ஜிப் உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில், ஆள் உட்காராத, காற்றோட்டமான அறையில் வையுங்கள். யுரேனியம் உப்பைப் பொறுத்தவரை கதிர்வீச்சைவிட நச்சுத்தன்மை பெரிது, சிறுநீரகத்தைத் தாக்கும். குப்பியைத் திறக்காமல் இன்னொரு பிளாஸ்டிக் ஜாடிக்குள் இறக்கி மூடுங்கள். தொட்டியில் ஊற்றுவதோ பழைய இரும்புக்கடையில் போடுவதோ கூடவே கூடாது. இரண்டைப் பற்றியும் மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குக் கல்லூரி முதல்வர் வழியாக எழுதுங்கள். வைத்துக்கொள்ளலாமா, ஒப்படைக்க வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் போடும் முன் ஒரு வேலை. இரண்டையும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். பழைய இருப்புப் பதிவேட்டைத் தேடி, வாங்கிய ஆண்டு, விற்றவர், விலை, எந்தப் பரிசோதனைக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை ஒப்படைக்க நேர்ந்தாலும் அந்தக் குறிப்பு கல்லூரியிலேயே இருக்கலாம். இந்த வேலையை அந்த மாணவியிடமே கொடுங்கள், அலமாரிப் பக்கம் போகாமல் பதிவேட்டோடு மட்டும்.