இத்தாலியின் அரெட்ஸோ நகரப் பழம்பொருள் சந்தையில் பொருளின் காலத்தைக் கேட்பது எப்படி?

அங்கே ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்க விரும்புவதாகவும், இத்தாலிய மொழியில் "எ அன்டீக்கோ?" (இது பழமையானதா?) என்று கேட்டால் எல்லா வியாபாரிகளும் "ஸீ" (ஆம்) என்றே சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக "டி கே எப்பொக்கா எ?" என்று, அதாவது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

உங்கள் கேள்வியே 'ஆம்' என்ற விடையை வரவழைக்கிறது. காலத்தைக் கேட்டாலோ, அவர் ஒரு நூற்றாண்டையாவது குறிப்பிட்டாக வேண்டும்.

விடையில் "இன் ஸ்டீலே" என்ற சொற்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். அந்தப் பாணியில் பிற்காலத்தில் செய்யப்பட்ட பொருள் என்பதே அதன் பொருள். வியாபாரி பொய் சொல்லவில்லை, நாம்தான் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து "எ ஸ்டாட்டோ ரெஸ்டவுராட்டோ?" (பழுதுபார்க்கப்பட்டதா?) என்று கேட்டுவிட்டு, நீங்கள் விரும்பும் கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கைவேலைச் சட்டத்தில் உளியின் தடங்கள் பெரும்பாலும் அங்கேதான் எஞ்சியிருக்கும்.

விலைக்கு "மி ஃபா உன் போ டி ஸ்கொன்ட்டோ?" (கொஞ்சம் குறைப்பீர்களா?) போதும். முதலில் "புவொன் ஜொர்னோ" என்று வணக்கம் சொல்லாமல் பேரத்தைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: 70 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை இத்தாலியிலிருந்து வெளியே கொண்டுசெல்ல ஆவணம் தேவைப்படலாம் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே "செர்வே உன் டொக்குமென்ட்டோ பேர் லெஸ்போர்ட்டட்ஸியோனே?" (ஏற்றுமதிக்கு ஆவணம் வேண்டுமா?) என்று கேட்டு, ரசீதில் பொருளின் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.