பைதன், சிசிஎன்ஏ, நாலு அரைகுறை புரொஜெக்ட்: எதை வைப்பது, எதை விடுவது?

தம்பி, நீங்கள் அனுப்பிய பட்டியலில் பைதன் நிரலாக்கம் இருக்கிறது, சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ இருக்கிறது. அதற்கு மேல் பாதியில் நிற்கும் நாலு புரொஜெக்ட்: கடைக்கு பில் போடும் மென்பொருள், சாட் செயலி, வானிலைப் பக்கம், ஒரு கேம். நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இதைவிட நேரம் இனிக் கிடைக்காது. புரொஜெக்டை மூன்றாவது பாடமாக்கி வைத்திருப்பதுதான் சிக்கல். அந்த நாலில் ஒன்றுக்குக்கூட நீங்கள் படிக்கும் வலையமைப்பு தேவைப்படவில்லை. அதனால் ஒன்றைத் தொடும்போது மற்றது மறந்துபோகிறது.

நாலையும் ஒரு கோப்புறையில் போட்டு மூடுங்கள், அழிக்க வேண்டாம். இரண்டு படிப்பும் தேவைப்படும் ஒரே ஒரு வேலையை எடுங்கள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு அது கண்முன்னாலேயே கிடக்கிறது. விருந்தினரின் கைபேசி, வரவேற்பு மேசைக் கணினி, சிசிடிவி கமரா மூன்றும் ஒரே வைஃபையில் கிடக்கும் விடுதியை நீங்களே பார்த்திருப்பீர்கள். 12 அறை உள்ள ஒரு விடுதியைக் கற்பனை செய்து, இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள்.

முதலில் தாளில். 192.168.10.0/24 என்ற ஒரே முகவரித் தொகுதியை எடுத்து, விருந்தினருக்கு 192.168.10.0/25 கொடுங்கள் (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்). அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு சாதனம் என்றால் 72 ஆகிறது. /26 போட்டால் 62 முகவரிதான், சீசனில் நிரம்பிவிடும். போதாததற்கு, வெளியேறிப் போனவரின் முகவரியும் டிஎச்சிபி (சாதனத்துக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) குத்தகைக் காலம் முடியும்வரை திரும்பி வராது. வரவேற்பு மேசை உள்ள அலுவலகத்துக்கு 192.168.10.128/27, கமராவுக்கு 192.168.10.160/27. மிச்சமுள்ள 192.168.10.192/26 பின்னால் தேவைப்படும், அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, வலையமைப்பைக் கணினித் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பக்கெட் டிரேசரில் ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், மூன்று வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு). பெரும்பாலும் இங்கேதான் இரண்டு நாள் வீணாகும். உப இடைமுகத்தில் (ஒரே ரவுட்டர் போர்ட்டை வீலானுக்கு ஒன்றாகப் பிரித்த பகுதி) முதலில் டாட்1கியூ கட்டளையைக் கொடுத்து வீலான் எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஐபி முகவரி கொடுத்தால் ரவுட்டர் ஏற்காது. மூன்று உப இடைமுகமும் செத்துக் கிடந்தால் உண்மையான போர்ட்டில் அதை இயக்கும் ‘நோ ஷட்டவுன்’ கட்டளை கொடுத்தீர்களா என்று பாருங்கள். ரவுட்டருக்குப் போகும் சுவிட்ச் போர்ட், எல்லா வீலானையும் ஒரே கம்பியில் கொண்டுபோகும் டிரங்க் ஆக இல்லாவிட்டால் ஒன்றும் நகராது.

விருந்தினர் அலுவலக வலைக்குள் நுழையாமல் தடுக்கும் அணுகல் பட்டியல் (எதை விடுவது, எதை மறுப்பது என்று ரவுட்டருக்குச் சொல்லும் விதிகள்) இன்னும் நுணுக்கமானது. அலுவலகத்தையும் கமராவையும் மறுத்துவிட்டு, கடைசியில் மற்றவை எல்லாவற்றுக்கும் அனுமதி எழுத மறந்தால் இணையமே நின்றுவிடும், ஏனென்றால் பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறுப்பு எப்போதும் இருக்கிறது. சிலர் கவனமாக இருக்க நினைத்து, விருந்தினர் தொகுதி முகவரியிலிருந்து வருவதை மட்டும் அனுமதிப்பார்கள். ரவுட்டரே டிஎச்சிபி கொடுக்கும் அமைப்பில் இது வேறு விதமாகக் கடிக்கும். புதிதாக இணையும் கைபேசிக்கு இன்னும் முகவரி இல்லை, அதன் முதல் கோரிக்கை 0.0.0.0 இலிருந்துதான் வரும். அது மறுக்கப்படும். ஏற்கெனவே முகவரி வைத்திருப்பவருக்கு எல்லாம் வேலை செய்யும், புதியவருக்கு மட்டும் செய்யாது. இந்த ஒன்றை நீங்களே தேடிக் கண்டுபிடித்தால் பத்து வீடியோ பார்த்ததற்குச் சமம்.

பைதனின் பங்கு இரண்டு. முதலாவது, பைதனோடு சேர்ந்தே வரும் ‘ஐபி அட்ரஸ்’ மொடியூலை வைத்து, உங்கள் முகவரித் திட்டத்தில் ஒன்றோடொன்று மேற்பொருந்தும் பகுதி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல். இரண்டாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கமராக்களுக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதிலை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதும் நிரல். விண்டோஸில் ‘சென்றடைய முடியவில்லை’ என்று வந்தாலும் பிங் வெற்றிக் குறியீட்டையே திருப்பித் தருவது உண்டு. ஆகவே குறியீட்டை நம்பாமல் பதிலில் டிடிஎல் (TTL) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பக்கெட் டிரேசருக்குள் இருக்கும் கமராவை உங்கள் மடிக்கணினியில் ஓடும் நிரலால் பிங் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, கணினிக்குள் மெய்நிகர் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் இயந்திரம் வையுங்கள், ஒன்று மற்றதை பிங் செய்யட்டும், 8 ஜிபி ரம் போதும். இரண்டுக்கும் 10.0.2.15 என்ற ஒரே முகவரி வந்தால் பயப்படாதீர்கள். இயல்பாக வரும் நாட் முறையில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறையில் இருக்கும். ‘நாட் நெட்வேர்க்’ என்ற வேறு தெரிவுக்கு மாற்றினால் ஒன்றையொன்று பார்க்கும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிரலாக்கத்தைத் துண்டு துண்டாகச் செய்ய முடியாது, ஒரே இருப்பில் ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். அதைக் காலையில் வையுங்கள். முகவரித் தொகுதியைப் பிரிக்கும் உபவலைக் கணக்கு அப்படியல்ல, பஸ்ஸில் இருந்தபடி பத்து நிமிடத்தில் இரண்டு கணக்குப் போடலாம். ஒரு மாதம் வலையமைப்பு முதன்மை, அடுத்த மாதம் பைதன் முதன்மை. மற்றது வாரத்தில் இரண்டு அமர்வோடு உயிரோடு இருந்தால் போதும். எட்டு வாரத்தில் புரொஜெக்டை நிறுத்துங்கள், அழகாக வராவிட்டாலும் சரி.

இனி அம்மா அப்பாவுக்கு. சிசிஎன்ஏ பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி தனி. சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லுபடியாகும். இப்போதே கட்டிவிட்டு, பிள்ளை பட்டம் முடித்து வேலை தேடும்போது அது காலாவதியாகிக் கிடந்தால் என்ன பலன்? படிக்கட்டும், பரீட்சையை வேலை தேடும் காலத்துக்கு விடுங்கள். பக்கெட் டிரேசர் இலவசம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் பைதன் ஆரம்பப் பாடநெறியும் இலவசம். பழைய சிஸ்கோ சுவிட்ச் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் இந்தக் கட்டத்தில் தேவையில்லை என்று சொல்லலாம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி (Z-score) கை கொடுத்தால் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் இருக்கிறது. கொடுக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். சுயமாகப் படிப்பது இந்த இரண்டுக்கும் மாற்று அல்ல, உள்ளே போனபின் முதல் வருடத்தை இலேசாக்கும்.

தம்பி, வேலை முடிந்ததும் உண்மையான விடுதி ஒன்றில் செய்துபார்க்க ஆசை வரும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் பிங் நிரலைக்கூட ஓடவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்கு நீங்கள் மாணவர் என்பது பொருட்டல்ல. அனுமதி கிடைத்தால், பழைய ரவுட்டர் அமைப்பின் பிரதியை முதலில் எடுத்து வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கேட்கவே வேண்டாம், அறைகள் நிறைந்திருக்கும். நவம்பர் மழையில் போய்க் கேளுங்கள்.