ஆயர் கிராண்டினும் மடுவும் – கடிதம்

அன்பின் ஐயா,

கனடாவின் எட்மன்டனில் இருக்கும் என் பெறாமகன், அங்கே ஆயர் கிராண்டினின் பெயரில் இருந்த ரயில் நிலையத்துக்கு 2021இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள் என்கிறான். தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தவராம். எங்கள் பங்குத்தந்தையோ, புனிதர் பட்டத்துக்கு முந்திய ஒரு படியாகத் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது என்கிறார். மடுக் கோவிலைக் கட்டிய அமலமரித் தியாகிகள் சபையின் ஆயரைத் தூற்றலாமா? அவரிடம் நான் மன்றாடலாமா?

ஒரு வாசகி, முழங்காவில்

அன்பின் சகோதரிக்கு,

இருவர் சொன்னதும் உண்மை. சிக்கலே அதுதான்.

வித்தால் கிராண்டின் 1829இல் பிரான்சில் பிறந்தவர். பேச்சு திருத்தமாக வராது என்று பாரிஸ் மறைபரப்புச் சபை அவரைத் திருப்பி அனுப்பியது. அமலமரித் தியாகிகள் சேர்த்துக்கொண்டார்கள். 1859இல் மார்சேயில் அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தியவர் அந்தச் சபையை நிறுவிய யூஜின் டி மசெனட். 1847இல் இலங்கைக்குத் தம் சபையினரை அனுப்பியவரும் அவரே. 1863 டிசம்பரில் கனடாவின் பெரும் அடிமை ஏரியில், உறைந்த பனிமேல் வழி தவறி, ஒரு சிறுவனோடும் வண்டி நாய்களோடும் கிராண்டின் ஓர் இரவைக் கழித்தார். விடிந்தபோதுதான் மிஷன் வீடு அருகிலேயே இருந்தது தெரிந்தது. மலேரியாக் காய்ச்சலோடு வன்னிக் காட்டில் நடந்த நம் சுவாமிமாரை அறிந்தவர்களுக்கு இந்த மன உறுதி புதிதல்ல. அதில் எனக்கும் மரியாதை உண்டு.

ஆனால் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து வைக்கும் விடுதிப் பள்ளிகள் வேண்டும் என்று ஒட்டாவா அரசை விடாமல் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர். அங்கிருந்து வெளியேறும் பிள்ளையிடம் இரத்தத்தைத் தவிரப் பூர்வீகம் எதுவும் மிஞ்சாது என்று பெருமையாக எழுதியவரும் அவர்தான். அவருக்குக் கீழ் பணியாற்றிய குருவானவர் அல்பெர்ட் லகோம்ப் 1874இல் ஆதிக்குடியினரின் கிரீ மொழிக்கு அகராதி வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, ஆதிக்குடி மொழிகளை மறக்கடிக்கவென்று எழுந்த டன்போ விடுதிப் பள்ளிக்கு முதல் அதிபரானார். அதே சபையில் நம் சுவாமி ஞானப்பிரகாசர் தமிழுக்குச் சொற்பிறப்பு அகராதி எழுதினார். தமிழை மறக்கடிக்க அவர் நினைக்கவில்லை. சபை ஒன்றுதான் என்பதற்காக இங்கே பெற்ற நன்மையை அங்கே நடந்ததற்குச் சமாதானமாகக் காட்ட முடியாது.

கிராண்டின் வணக்கத்துக்குரியவரானது 1966இல். அப்போது அந்தப் பள்ளிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. படித்து வெளியேறியவர்களின் பேச்சை நாடு காதுகொடுத்துக் கேட்டது பிறகுதான்: 2008 முதல் 2015 வரை இயங்கிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவில் 6,000க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். (ஆணைக்குழு என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சலிப்பு வரும், சாட்சி சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017இலிருந்து கிளிநொச்சித் தெருவில் இருக்கிறார்கள்.) ஒருவருடைய வீரத்துவமான புண்ணியத்தை அளக்கும் விசாரணையில், அவர் கட்டச் சொன்ன பள்ளிக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்க்கு இடமில்லை என்றால், அது அரைகுறை விசாரணை. அந்தச் சாட்சியங்களையும் சேர்த்து வழக்கை மறுபடி பார்க்கும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது என்பதே என் எண்ணம்.

மன்றாடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வணக்கத்துக்குரியவரிடம் தனியாக மன்றாடத் தடையில்லை. பொது வழிபாடு கிடையாது, சொரூபத்தைப் பீடத்தில் வைக்க முடியாது. மன்றாடுவது உங்கள் விருப்பம். நான் மன்றாடமாட்டேன்.

தூற்றுகிறார்கள் என்று வருந்த வேண்டாம். அந்தச் சபையே 1991இல் மன்னிப்புக் கேட்டது, அதுவும் எட்மன்டனுக்கு மேற்கே உள்ள லாக் செயின்ட் ஆன் யாத்திரையில். யூலை மாதத்தில் ஆதிக்குடியினர் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கிப் புனித அன்னம்மாளிடம் வேண்டும் இடம் அது. ஆவணி மடு போலத்தான். 2015இல் மடுவுக்கு வந்த பிரான்சிஸ் பாப்பரசர் 2022இல் அங்கும் போனார். உங்கள் பெறாமகனை அடுத்த யூலையில் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள். கிராண்டினைப் பற்றி அங்கே கூடாரத்தில் இருக்கும் கிழவிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, எனக்கும் எழுதட்டும்.