ஏறக்குறைய வட்டியே இல்லாத கடனை வைத்துக்கொண்டு கொழும்பு இலகு ரயிலை ஏன் கைவிட்டார்கள்? வன்னியில் இருக்கிற எங்களுக்கு அதில் என்ன?

முதலில் கடன் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கொழும்பின் புறநகரான மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை சுமார் 16 கிலோமீட்டர் ரயில் பாதை. 2019 மார்ச்சில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு ஒப்பந்தம் போட்டார்கள், வட்டி 0.1 வீதம், 40 வருடத்தில் கட்டினால் சரி, அதிலும் முதல் 12 வருடம் அசலைக் கட்டத் தேவையில்லை. இப்படிக் கடன் சும்மா வராது. இந்த வகைக் கடனில் முதன்மை ஒப்பந்தக்காரர் ஜப்பான்காரராக இருக்க வேண்டும், பொருளிலும் ஒரு பங்கு அங்கிருந்துதான் வாங்க வேண்டும், ஆக வட்டியில் விட்டதை விலையில் பிடிக்க அவர்களுக்கு வழி உண்டு.

2020 செப்டம்பரில் கோட்டாபய அரசு "செலவு அதிகம், கொழும்புக்குப் பொருந்தாது" என்று நிறுத்தியது. செலவு பெரியதுதான், ஆனால் ஆட்சி மாறினால் முந்தியவரின் திட்டம் அனாதையாவது இங்கே வழக்கம், எனக்கென்னவோ அதுதான் பெரிய காரணம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்தியது, அப்புறம் அந்த வட்டிக்கு யார் தருவார்?

வன்னிக்கு வருவோம். ஓமந்தைக்கு வடக்கே ரயில் பாதையை இந்தியக் கடனில் இந்திய அரசின் கட்டுமான நிறுவனமான இர்கோன் போட்டது, 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. எங்கே பாதை போடுவது என்பதைக் கடன் தருபவரின் விருப்பமும் சேர்ந்துதான் முடிவுசெய்கிறது. ஆனால் கடனைக் கட்டுவது நாடு முழுக்க, பரந்தனில் ஒரு பால்மா பைக்கற் வாங்குகிறவரின் வரியும் அதில் இருக்கிறது.