அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் உணவகத்தில் பரிமாறுவது ஏன்?

சீருடையோடு மேசைக்கு மேசை தண்ணீர் ஊற்றும் போலீஸ்காரரின் வீடியோவைப் பார்த்துவிட்டு, தண்டனையா என்று கேட்கிறீர்கள். இல்லை! அவருக்கு விழும் டிப்ஸ் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது. அது அறிவுசார் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கானது. பாராலிம்பிக்ஸ் வேறு, பலரும் குழப்பிக்கொள்வார்கள்.

1981இல் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரக் காவல்துறைத் தலைவர் ரிச்சர்ட் லாமுன்யன், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்காகக் காவலர்கள் நிதி திரட்டும் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் காவலர்கள் ஜோதி ஏந்தி ஓடும் ஓட்டம்தான். அப்புறம் கயிறு கட்டி விமானத்தை இழுப்பது வரை வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது பனிநீர் முங்கல். மினசோட்டா மாதிரி இடங்களில் உறைந்த ஏரியின் மேல்பனியை அறுத்து, குளம் மாதிரி திறப்பு உண்டாக்குவார்கள். மீட்பு வீரர்கள் தண்ணீருக்குள் தயாராக நிற்க, ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். சிலர் மாறுவேடத்தில்! நடுங்கிக்கொண்டு ஏறி வருபவர்களைத் தன்னார்வலர்கள் உடை மாற்ற அனுப்பிவைப்பார்கள். சரி, பணம் எங்கிருந்து வருகிறது? சும்மா போய்க் குதித்துவிட முடியாது. குறிப்பிட்ட தொகையை நண்பர்களிடமும் உறவினர்களிடமும் முன்கூட்டியே திரட்டியிருக்க வேண்டும்.

போட்டித் தொடக்க விழாவில் அந்த ஜோதியை வீரர்களோடு சேர்ந்து அரங்குக்குள் கொண்டுவருவதும் இதே காவலர்கள்தான்.