ஹிட்லரைக் குத்தும் அட்டைப்படம் அரசுப் பிரச்சாரமா?

கேப்டன் அமெரிக்கா என்ற சூப்பர் ஹீரோ காமிக்ஸின் முதல் இதழ் அட்டையை 'அமெரிக்க அரசின் போர்ப் பிரச்சாரம்' என்று நீங்கள் எழுதியதை உங்கள் ஆய்வு வழிகாட்டி ஏன் அடித்து நீக்கினார் என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல் தேதியில் இருக்கிறது: அட்டையில் 1941 மார்ச் என்று இருந்தாலும் இதழ் 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது, அமெரிக்கா போரில் இறங்கியதோ ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான். ஹிட்லரின் தாடையில் குத்து விழ, நாஜிகளின் குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கும் அந்த இதழை, ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரு யூதக் கலைஞர்கள் ஒரு தனியார் பதிப்பகத்துக்காக உருவாக்கினார்கள். அதனால் மிரட்டல் கடிதங்களும் வாங்கினார்கள். அரசின் போர்த் தகவல் அலுவலகம் 1942 ஜூனில்தான் தொடங்கியது. ஆகவே 'பிரச்சாரம்' இருக்கட்டும் (எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது), 'அரசு' என்பதை மட்டும் நீக்கிவிடுங்கள்.